கோட்டை விட்டவர்

அரை மில்லி என்ற பட்டப்பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் பாட்டில்தான் ஞாபகம் வரும். பாவம், மனுஷன் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. சமையலறைக்கு அலமாரி செய்து மாட்டுகிற தொழில். இரண்டு கதவுக்கு நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி கூடிப்போனாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரர்கள், "நல்லாத்தான் சார் இருக்கு, விடுங்க" என்று கெஞ்சினாலும் கீலைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டுத்தான் நகர்வார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். ஐம்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அளவு ஒத்து வரல" என்பார். அதற்கு மேலும் துருவினால் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, பக்கத்தில் இருப்பது எதுவானாலும் அளக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் தன் பழைய பிக்கப் வண்டியைப் பின்பக்கமாகப் பட்டறைக்குள் ஏற்றி, பின்தொட்டியில் டிராயர் செய்ய ஆரம்பித்தார். மேலே படுக்கைப் பலகை, அதற்குக் கீழே ஆறடி நீளத்துக்கு இரண்டு டிராயர். ஒன்றில் அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன். இன்னொன்றில் போர்வை, விளக்கு, மடக்கு நாற்காலி. எங்கேயாவது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும் என்பது திட்டம். விடுமுறை நாளில்கூடப் பட்டறைக் கதவைத் திறந்து வைக்கிறவருக்கு இந்த ஆசை எங்கிருந்து முளைத்தது என்று தெருவுக்கே ஆச்சரியம்.

எதிர்க்கடை டயர்காரர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு சார் இது?"

"எனக்குத்தான்."

"தனியாவா போறீங்க?"

"ஏன், ஒருத்தன் போனா ஏரி உள்ளே விடாதா?"

டயர்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அரை மில்லிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வண்டியில் டிராயர் போடுகிற யோசனை அவருடையதே இல்லை. அது மச்சானுடைய யோசனை. மச்சானோடு பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷம் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தார்கள். அரை மில்லி அளவு எடுப்பார், மச்சான் வெட்டுவார், மாட்டுவது இரண்டு பேரும். அரை மில்லி குட்டை, மச்சான் நெட்டை. ஆகவே சுவர் அலமாரியை மச்சான் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க, இவர் ஸ்டூலில் ஏறி ஸ்க்ரூ முடுக்குவார். முடுக்குவதற்கு முன்னால், "மச்சான், பிடிச்சிருக்கா?" என்று கேட்பார். "பிடிச்சிருக்கு" என்று பதில் வரும். அப்புறம்தான் டிரில் ஓடும். ஒரு வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண் இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் பிடிச்சிருக்கு அங்கிள், கலர்தான் கொஞ்சம் மாத்தலாமா?" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்க மச்சான் சிரித்தார். தூக்கிப் பிடித்திருக்கும்போதே சிரித்ததால் ஒரு அலமாரி கோணலாகக்கூடப் போயிற்று.

ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அங்கே அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு நாற்காலி, தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்று மச்சானோடு சண்டை போடுகிற உரிமை எல்லாம் உண்டு. தன் அறைக்குத் தூங்க மட்டும் வருவார். அவருக்குக் குடும்பம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு விவரம் தெரியாது. இருந்தது, அவரே அதைக் கெடுத்துக்கொண்டார்.

அந்தக் கதைக்கு முன்னால் அவர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அளவைச் சின்னச் சீட்டில் எழுதி அரை மில்லி மச்சானிடம் கொடுப்பார். எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருந்தால் அது வெளி அளவு. பெட்டி மொத்தமே அவ்வளவுதான் இருக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் உள் அளவு. இரண்டு பக்கப் பலகையின் கனத்தையும் கூட்டிக்கொண்டு வெட்ட வேண்டும். ஒரு பலகை பதினெட்டு மில்லி, இரண்டுக்கு முப்பத்தாறு. இந்த ஏற்பாடு வேறு எந்தத் தச்சருக்கும் தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் புரிகிற பாஷை. அலமாரி மாட்டி முடிந்ததும் மச்சான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கிழித்துப் போடுவார். அதோடு அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் வீட்டில் ஆளுயர அலமாரி ஒன்று செய்தார்கள். சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதற்கென்றே விட்ட இடம். டாக்டர், அவர் மனைவி, தரைக்கல் பதிக்க வந்தவர் என்று எல்லாரும் வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். போகவே இல்லை. அரை மில்லி டேப்பை எடுத்து அளந்தார். சரியாக முப்பத்தாறு மில்லி கூடுதல்.

"யார் அளவு எடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அரை மில்லி என்று பேர் வாங்கிய மனுஷனுக்கு முகமெல்லாம் சூடேறிப் போயிற்று.

"அளவெல்லாம் நான் சரியாத்தான் சார் எடுத்தேன்" என்றார். "வெட்டும்போது எங்க மச்சான்தான் கோட்டை விட்டுட்டார்."

மச்சான் அவரையே பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போயிற்று. பையைத் தொட்ட கை, ஒன்றும் எடுக்காமல் இறங்கிவிட்டது.

"நானா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்ன நானா?"

 மச்சான் தன் டிரில்லை ஒயர் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார், டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அரை மில்லி அந்த அலமாரியைத் தனியாகவே பிரித்து, தனியாகவே மறுபடி வெட்டி, தரைக்கல்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லி மாட்டி முடித்தார். பிடிச்சிருக்கா என்று வழக்கம்போலக் கேட்டபோது தரைக்கல்காரர் திரும்பி, "என்ன பிடிச்சிருக்கா?" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறை மேசையில் சுத்தியலுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. அவருடைய கையெழுத்து. எண்ணூற்று அறுபத்து நாலு என்று எழுதியிருந்தது. அடியில் கோடு இல்லை.

நின்ற இடத்திலேயே நின்றார். கோட்டை விட்டது மச்சான் இல்லை. வெளி அளவை எழுதிவிட்டு அடியில் கோடு போடாமல் கொடுத்தது இவர்தான். மச்சான் சீட்டில் இருந்தபடி, ஒரு நூல் பிசகாமல், முப்பத்தாறைக் கூட்டி வெட்டியிருக்கிறார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து இப்போது ஒரு கோடு இழுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இழுக்கவில்லை; அந்த அளவுக்குக் கெட்டுப்போகவில்லை. ஆனால் போய்ச் சொல்லவும் இல்லை. சீட்டை மச்சான் மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. மடித்துப் பர்ஸில் வைத்தார். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார்.

நாளைக்கு என்பது ரொம்ப மோசமான நாள். ஒரு வாரம் கழித்துப் போவது முதல் நாள் போவதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஒரு மாதம் கழித்து அதைவிடக் கஷ்டம். வருஷம் ஒன்று ஓடியபோது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்பதே பெரிய பிரச்சினையாகிவிட்டது. இருந்தது அந்த ஒரு முகம்தான்.

அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் மொட்டை மாடிக்குப் போய் போன் போடுவாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டே?"

"பிரெட்."

"போன வாரமும் அதேதான்டா சொன்னே. வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவே?"

"என்ன வார்த்தை?"

"அது உனக்குத்தான் தெரியும். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல கிடந்து அல்லாடறேன். அவர் இப்ப ஒரு கடைக்கு ஜன்னல் திரை மாட்டப் போறார், தெரியுமா? கேட்டா, அது தனியா செய்யற வேலைங்கறார்."

போனை வைத்ததும் பட்டறை இன்னும் பெரிதாகத் தெரியும். இவரும் தனியாகச் செய்கிற வேலையாகத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார். தரையோடு நிற்கிற அலமாரி, டிராயர், கீல் மாற்றுவது. இடுப்புக்கு மேலே போகிற எதையும் ஒப்புக்கொள்வதில்லை. யாராவது சுவர் அலமாரி கேட்டால், இப்போது அது ஃபேஷன் இல்லை என்று கூசாமல் பொய் சொல்வார். மேலே வைத்து மாட்டினால் பிடிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதைச் சொல்ல வாய் வராது. பிரெட்டை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்பார். உட்கார்ந்தால் எதிர் ஸ்டூல் காலியாக இருப்பது தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் துண்டுப் பலகைகளை ஒழித்துப் போடுகையில், மச்சான் மார்க்கர் பேனாவால் கிறுக்கிய ஒரு பலகை அகப்பட்டது. வெளியூரில் வேலை முடித்துக் காலித் தொட்டியோடு திரும்பும்போதெல்லாம் மச்சான் சொல்வார்: "மாப்ள, பின்னாடி ரெண்டு டிராயர் போட்டு, மேல படுக்கையைப் போட்டா, எங்கேயாவது ஏரிக்கரையில போய்க் கிடக்கலாம்டா. உங்கக்கா போன் அடிச்சா சிக்னல் இல்லைன்னுடலாம்." ஒரு தடவை படமே போட்டுவிட்டார். வண்டி, டிராயர், மேலே குச்சி குச்சியாக இரண்டு மனிதர்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. அரை மில்லி அந்தப் பலகையை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். மறுநாள் பிளைவுட் வாங்கப் போனார்.

செய்து முடித்துவிட்டால் அதைக் காட்டுகிற சாக்கில் மச்சான் வீட்டு வாசலுக்குப் போய்விடலாம் என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. கேட்டால், தனக்காகச் செய்கிறேன் என்பார். நாமும் இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

வேலை ஐந்து வாரம் இழுத்தது. வண்டித் தொட்டி சமையலறை மாதிரி இல்லை. ஒரு மூலைகூட நேர்மூலை கிடையாது. சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் மேடு வேறு முட்டிக்கொண்டு நிற்கிறது. அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து, அந்த வளைவுக்கு ஏற்றபடி பலகையைச் சீவினார். மேடுகளுக்கு முன்னும் பின்னும் மிஞ்சிய இடத்தை வீணாக்காமல் சின்னச் சின்ன மூடிப்பெட்டி செய்தார். டிராயர் ஓடுவதற்குக் கனமான பேரிங் சேனல் போட்டார்; ஒரு ஆளே ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். ஈரம் ஏறாமல் ஓரமெல்லாம் மூன்று கை வார்னிஷ். மேலே தார்பாய்க் கூடு, படுக்கைப் பலகைமேல் கம்பளம், அதன்மேல் மெத்தை. இரண்டு டிராயரையும் ஒற்றை விரலால் தள்ளினால் போதும், சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதுதான் பிரச்சினையாகவும் போயிற்று. அவ்வளவு லேசாக ஓடினால் மேடு ஏறும்போது டிராயர் தானாக வெளியே வந்து பின்கதவை இடிக்கும். பூட்டு ஒன்று வேண்டும். இங்கேதான் அரை மில்லி மூளையைக் கசக்கினார். வால்பக்கம் பூட்டினால் ராத்திரியில் எவனாவது வந்து நெம்பிவிடுவான். ஆகவே தாழ்ப்பாளைத் தலைமாட்டில் வைத்தார். இரண்டு டிராயருக்கும் பொதுவாக நடுவில் ஒரே ஸ்பிரிங் தாழ்ப்பாள். அதன் குமிழ் படுக்கையின் தலைப்பக்கம் பலகைக்கு மேலே நிற்கும். உள்ளே இருக்கிறவர் குமிழைத் தூக்கிப் பிடித்தால்தான் வெளியே நிற்கிறவர் இழுக்க முடியும். கையை விட்டால் ஸ்பிரிங் தாழ்ப்பாளைத் திரும்ப இறக்கிவிடும். திருடனுக்கு வேலையே இல்லை. இதைவிடக் கெட்டியாக ஒரு பூட்டை யாராலும் செய்ய முடியாது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

தாழ்ப்பாளைக் கடைசி நாளில்தான் பொருத்தினார். டிராயர் திறந்திருக்கும்போதே பொருத்தி, குமிழைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. டிராயர்களை முன்னாலேயே நூறு தடவை இழுத்துப் பார்த்தாயிற்று. அதுவும் நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சாமான்களை அடுக்கினார், கருவிப் பையையும் உள்ளே போட்டார், ஒவ்வொன்றாகத் தள்ளினார். டக். டக். அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள், வேலை நாளாகப் பார்த்துப் புறப்பட்டார். மூன்று மணிநேர ஓட்டம். பக்கத்து இருக்கை மச்சானின் நீளக்காலுக்காகப் பின்னால் தள்ளியபடியே இருந்தது; அதை யாரும் முன்னால் இழுக்கவில்லை. ஏரிக்கரை முகாமின் வாசலில் காவலாளி நோட்டைத் திறந்தார்.

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

காவலாளி பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒருத்தருக்கா இவ்வளவு பெரிய படுக்கை?"

அரை மில்லி வண்டியை நகர்த்தினார்.

கரையில் வேறு வண்டியே இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. டீ போட்டுக் குடித்தால் நன்றாக இருக்கும். பின்கதவை இறக்கி டிராயரை இழுத்தார். வரவில்லை. அட, தாழ்ப்பாள் என்று தலையில் தட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் முட்டி போட்டு ஏறி, தலைப்பக்கம் போய்க் குமிழைத் தூக்கிப் பிடித்தார்.

"பிடிச்சிருக்கேன், இழுங்க மச்சான்."

சொல்லிவிட்டார். சத்தமாகவே சொல்லிவிட்டார். குமிழைப் பிடித்தபடி காத்துக்கொண்டும் இருந்தார். எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கை தானாக இறங்கிவிட்டது. தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது.

மெத்தைமேல் அப்படியே உட்கார்ந்தார். ஆறடி நீளத் தொட்டியில் தலைமாட்டில் ஒருவர், வால்பக்கம் ஒருவர். ஐந்து வாரம் அளந்து அளந்து செய்திருக்கிறார், ஒரு இடத்திலும் அரை மில்லி பிசகவில்லை. ஆட்களை எண்ணுவதில் மட்டும் தப்பு செய்திருக்கிறார். அடுப்பு, தண்ணீர், போர்வை, கருவி எல்லாம் உள்ளே. தானே செய்த பூட்டுக்குத் தானே திருடனாக நின்றார்.

சும்மா விடுவாரா? குப்புறப் படுத்துக் கால் கட்டைவிரலைக் குமிழில் மாட்டி, கையை வால்பக்கம் நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. மச்சானாக இருந்தால் எட்டியிருக்கும். அப்புறம்தான் ஒரு ஆப்பு வைத்தால் போதும் என்று உறைத்தது. ஆப்பு வைப்பது அவருக்குத் தெரியாத வேலையா என்ன. செருப்பு தடிமனாக இருந்தது. கூழாங்கல் வழுக்கியது. சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் தடவியபோது பர்ஸ் அகப்பட்டது. குமிழைத் தூக்கி அடியில் செருகினார். நின்றது. இறங்கி வந்து இழுத்தார். டிராயர் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.

டீ போட்டார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். எல்லாம் திட்டப்படியே இருந்தது. ஏரி இருந்தது, படுக்கை இருந்தது, போன் அடிக்க ஆளும் இல்லை, அடித்தால் எடுக்காமல் இருக்கச் சொல்லிச் சிரிக்க ஆளும் இல்லை. ஆப்பு ஒன்று இருந்தால் இன்னொரு ஆள் வேண்டாம். நாளைக்கு இதற்கென்றே அழகாக ஒரு கட்டை சீவி வைத்துக்கொள்ளலாம். இப்படியே இன்னும் இருபது வருஷம் ஓட்டிவிடலாம். ஓட்டிவிட முடியும் என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. டீ பாதியிலேயே ஆறிப் போயிற்று. அவர் அழுதார். கரையில் யாரும் இல்லாததால் முகத்தைத் துடைக்கக்கூட அவசரப்படவில்லை.

மறுநாள் விடிந்ததும் அடுப்பைக் கழுவி அடுக்கினார். குமிழுக்கு அடியிலிருந்து பர்ஸை உருவி, அந்தச் சீட்டை எடுத்தார். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. டிராயருக்குள், டீ டம்ளருக்கு அடியில் அதை வைத்தார். டிராயரைத் தள்ளினார். டக்.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி பத்துகூட ஆகவில்லை. அக்காதான் கதவைத் திறந்தாள். பார்த்தாள். "வாடா" என்றவள், உடனே உள்ளே திரும்பி, "ஏங்க" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள்.

அன்றைக்கு வேலை இல்லை போல, மச்சான் பனியனோடு வந்தார். வாயில் பல்துலக்கும் பிரஷ், உதடெல்லாம் நுரை. தலைமுடி நன்றாக நரைத்திருந்தது. அதை அக்கா போனில் சொல்லவில்லை.

அரை மில்லி வாசலில் நின்று பேச எவ்வளவோ யோசித்து வைத்திருந்தார். அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டார். பின்கதவை இறக்கினார், மெத்தைமேல் ஏறினார், தலைமாட்டுக்குப் போய்க் குமிழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அதைக் கொஞ்சம் இழுங்க."

மச்சான் அசையவில்லை. படுக்கையைப் பார்த்தார், சக்கர மேட்டுக்கு ஏற்றபடி வளைத்துச் சீவிய பலகையைப் பார்த்தார், குமிழைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தார். அப்புறம் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தார் அரை மில்லி. ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவரே தேடி வாங்கியது. கை கடுக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டால் டக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க மனசில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார். அக்கா வாசற்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

வாய் கொப்பளித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே மச்சான் திரும்பி வந்தார். துண்டைத் தோளில் போட்டார். இரண்டு கையாலும் டிராயரின் விளிம்பைப் பற்றினார். இழுக்கவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்றார்.

"பிடிச்சிருக்கு மச்சான்."

டிராயர் சத்தமில்லாமல் முழுசாக வெளியே வந்தது. மச்சான் டம்ளரைத் தூக்கிச் சீட்டை எடுத்தார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். படிக்க ஒன்றும் இல்லை, ஒரு எண்தான்.

"கோட்டை விட்டது நான்தான் மச்சான்."

"தெரியும்."

"எப்ப?"

"அங்கேயே. அந்த டாக்டர் வீட்லயே. சீட்டு என் சட்டைப் பையிலதான்டா இருந்துச்சு."

"அப்பவே எடுத்துக் காட்டியிருக்கலாமே."

"அத்தனை பேர் எதிர்லயா?" மச்சான் சீட்டை மடித்தார். "பட்டறைக்குப் போய் உன் சுத்தியலுக்கு அடியில வச்சேன். நீ மட்டும் பார்க்கட்டும்னு. மறுநாளே வந்துடுவேன்னு நினைச்சேன்."

 டிராயர் திறந்துவிட்டது, இனிமேல் குமிழைப் பிடித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அரை மில்லி அதை விடாமல் முட்டி போட்டபடியே இருந்தார்.

மச்சான் சீட்டை நாலாகக் கிழித்தார். கிழித்ததைப் பனியனில் பை இல்லாததால் எங்கே போடுவது என்று தெரியாமல் டம்ளருக்குள் போட்டார். குனிந்து சேனலை விரலால் தடவினார். வார்னிஷைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏரிக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

"இந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிடலாம்னு இருக்கேன் மச்சான்" என்றார் அரை மில்லி. "ஒருத்தனா இருந்தா திறக்க முடியல."

மச்சான் டிராயரை உள்ளே தள்ளிப் பார்த்தார். குமிழ் இன்னும் தூக்கியபடியே இருந்ததால் டக்கென்ற சத்தம் வரவில்லை. நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார். "கையை விடு."